காண்பதும் காப்பதும்

(விக்கிரவாண்டி விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

விக்கிரவாண்டிச் சட்டமன்றத் தொகுதி ஐந்தாண்டுகளுக்குள் இருமுறை இடைத்தேர்தலைக் கண்டது. 2019 அக்டோபர் 21-ஆம் நாளிலும் 2024 ஜூலை 10-ஆம் நாளிலும் இங்கே வாக்குப்பதிவு நடைபெற்றது. தேர்தல் வந்தால் அதனுடன் ஒரு சொல்லும் ஊருக்குள் வந்துவிடும். ‘தேர்தல் பார்வையாளர்’ என்பது அச்சொல். பொதுப் பார்வையாளர், செலவினப் பார்வையாளர், காவல் பார்வையாளர் என அவர் பலவகைப்படுவார். அவர் வேட்பாளர் அல்லர். வாக்குக் கேட்பவரும் அல்லர். வாக்குச்சாவடியை நடத்துபவரும் அல்லர். வெளியிலிருந்து அனுப்பப்பட்டு, நடப்பதைக் கண்டு, கண்டதைத் தேர்தல் ஆணையத்துக்கு எழுதி அனுப்புபவர்.

இதே ‘பார்வையாளர்’ என்னும் சொல் மருத்துவமனை வாயிலிலும் எழுதப்பட்டிருக்கிறது. அங்கே ‘பார்வையாளர் நேரம்’ என்றால் நோயாளியைக் காண உறவினர் வரலாம் எனப் பொருள். நாடக அரங்கிலும் விளையாட்டுத் திடலிலும் அதே சொல்லுக்குக் கூட்டமாக அமர்ந்து களிப்பவர் என்று பொருள். நலம் கேட்க வந்தவர், வேடிக்கை காண வந்தவர், முறைகேடு நேராமல் காக்க வந்தவர் ஆகிய மூவரையும் இக்காலத் தமிழ் ஒரே சொல்லால் அழைக்கிறது. மூவரும் பார்க்கிறார்கள் என்பது உண்மையே. ஆயினும் மூவர் பார்வையும் ஒன்றாகுமா?

ஆங்கிலம் இம்மூவருக்கும் தனித்தனிப் பெயர் வைத்துள்ளது. மருத்துவமனைக்கு வருபவர் ‘விசிட்டர்’. காணுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பிறந்த சொல் அது; போய்ப் பார்த்து வருபவர் என்பது அதன் உட்பொருள். திடலில் அமர்பவர் ‘ஸ்பெக்டேட்டர்’. இதுவும் நோக்குதல் என்னும் இலத்தீன் வேரினதே. வடமொழியில் ‘பச்யதி’, அதாவது ‘காண்கிறான்’ எனப்படும் வினையும் இவ்வேரும் ஒரே மொழிக்குடும்பத்து உடன்பிறப்புகள். 1711-இல் இலண்டனில் அடிசனும் ஸ்டீலும் ‘தி ஸ்பெக்டேட்டர்’ என்னும் இதழைத் தொடங்கியபோது, எல்லாக் கூட்டங்களிலும் நின்று எல்லாவற்றையும் நோக்கிக்கொண்டே மிகக் குறைவாகப் பேசும் ஒரு கற்பனை மனிதரை அதன் எழுத்தாளராக அமைத்தனர். உலகைக் காண்பவர், உலகின் செயலில் கலவாதவர் என்பதே அப்பெயரின் குறிப்பு.

காவலாளியை ‘வாட்ச்மேன்’ என்கிறோமே, அதன் முதற்பகுதியான ‘வாட்ச்’ பழைய ஆங்கிலத்தில் விழித்திருத்தலைக் குறித்தது. உறக்கத்திலிருந்து எழுதலைக் குறிக்கும் ‘வேக்’ அதனுடன் பிறந்த சொல். இந்த உறவு தமிழருக்கு விளக்கம் இன்றியே விளங்கும். தமிழில் ‘விழி’ என்பது கண். ‘விழி’ என்பது துயில் நீங்கு என்னும் ஏவலும் ஆகும். கண்ணுக்கும் விழிப்புக்கும் ஒரே பெயரிட்ட மொழி தமிழ்.

இன்னும் ஒரு சொல் ‘விட்னஸ்’. நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவரைக் குறிக்கும் இச்சொல்லின் வேர் அறிவு என்பதாகும். ‘வித்தை’, ‘வேதம்’ என்னும் சொற்களின் வேரான ‘வித்’ என்பதும் அதுவும் ஓரினம். ஆனால் வடமொழியின் ‘சாட்சி’ என்பதோ கண்ணைக் குறிக்கும் ‘அக்ஷி’ என்னும் சொல்லை உள்ளடக்கியது. கண்ணால் நேரே கண்டவன் என்பது பொருள். ஆங்கிலேயர் அறிந்தவனைச் சாட்சி என்றனர். இந்நாட்டார் கண்டவனைச் சாட்சி என்றனர். காட்சியையும் ஞானத்தையும் உயிரின் இயல்புகளாக இணைத்துக் கற்ற சமணர்க்கு இவ்விரண்டும் அயலானவை அல்ல.

இனி, தேர்தல் பார்வையாளரின் ஆங்கிலப் பெயருக்கு வருவோம். அவர் ‘அப்சர்வர்’. ‘முன்னே’ என்னும் பொருள் தரும் ‘ஒப்’ என்பதும், ‘காத்தல், பேணுதல்’ என்னும் பொருள் தரும் ‘செர்வாரே’ என்பதும் சேர்ந்த இலத்தீன் சொல்லிலிருந்து இது பிறந்தது. கெடாமல் பாதுகாப்பதைக் குறிக்கும் ‘பிரிசர்வ்’, ‘கன்சர்வ்’ என்னும் சொற்களும் அதே வேரில் முளைத்தவை. ஆக, மற்றச் சொற்களெல்லாம் கண்ணிலிருந்தோ அறிவிலிருந்தோ பிறந்திருக்க, ‘அப்சர்வர்’ மட்டும் காவலிலிருந்து பிறந்தது.

இதனினும் வியப்பானது அச்சொல்லின் வரலாறு. ‘அப்சர்வ்’ என்னும் வினை 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் நுழைந்தது. அப்போது அதன் முதன்மைப் பொருள் கூர்ந்து பார்த்தல் அன்று. ஒரு நெறியை, ஒரு விதியை, ஒரு நோன்பை மீறாமல் கடைப்பிடித்தல் என்பதே. உற்று நோக்குதல் என்னும் பொருள் 16-ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. ‘அப்சர்வர்’ என்னும் பெயரும் முதலில் நெறியைக் காப்பவரையே குறித்தது. சில பத்தாண்டுகள் கழித்தே நோக்குபவரையும் குறிக்கலாயிற்று. பழைய பொருள் இன்றும் மறையவில்லை. ஒருவர் உண்ணாநோன்பு இருப்பதையும், விழா நாளைக் கொண்டாடுவதையும், மௌனம் காப்பதையும் ஆங்கிலேயர் இன்றளவும் இதே வினையால்தான் சொல்கின்றனர். விண்மீனை நோக்குபவரும் நோன்பு நோற்பவரும் அம்மொழியில் ஒரே பெயருடையவர்.

காண்பதும் காப்பதும் ஒரு சொல்லில் ஏன் கூடின? எதைக் காக்க வேண்டுமோ அதைக் கண்ணை அகற்றாமல் பார்த்திருக்க வேண்டும். ஆடு மேய்ப்பவன் ஆட்டைப் பார்த்துக்கொள்கிறான். தாய் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாள். இவ்விடங்களில் ‘பார்த்துக்கொள்ளுதல்’ என்றால் பேணுதல் என்றே தமிழர் கொள்வர். இலத்தீனர் நூலில் கண்டதை இம்மாவட்டத்து மக்கள் அன்றாடப் பேச்சில் வைத்திருக்கிறார்கள்.

இந்த ஒற்றுமைக்கு விக்கிரவாண்டிக்கு வடமேற்கே ஒரு சான்று கல்லில் நிற்கிறது. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றின் பாறையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசைக்குப் பன்னிரண்டாக இரு வரிசைகளில் செதுக்கப்பட்டுள்ளன. அங்கே கி.பி. 6-ஆம் நூற்றாண்டளவினதாக அறிஞர் கருதும் சிறு கல்வெட்டு ஒன்று உண்டு. சந்திரநந்தி ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் அனசனம் நோற்றதையும், அவ்விடம் அவருடைய நிசீதிகை என்பதையும் அது தெரிவிக்கிறது. அதே குன்றில் மற்றொரு கல்வெட்டு, இளைய பட்டாரர் முப்பது நாள் அனசனம் நோற்றதைக் கூறுகிறது. தமிழ் எழுத்தின் வளர்ச்சியை ஆராய்வோர்க்கும் சமண வரலாற்றை ஆராய்வோர்க்கும் இக்கல்வெட்டுகள் அரிய செல்வம்.

‘நோற்ற’ என்பது அங்கே பொறிக்கப்பட்ட வினை. நோற்றல் என்பதன் அடிப்பொருள் பொறுத்தல், தாங்குதல். ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்வோர் பெரும்பாலும் நாடுவது ‘அப்சர்வ்’ என்னும் சொல்லையே. சந்திரநந்தி ஆசிரியர் நோன்பைக் காத்தவர். அச்சொல்லின் மிகப் பழைய பொருளில் அவர் ஓர் அப்சர்வர்.

ஆயினும் அக்கல்லில் இன்னொருவரும் மறைந்திருக்கிறார். ஐம்பத்தேழு என்னும் எண்ணை எண்ணியவர் யார்? உண்ணாமல் கிடந்து உடலைத் துறந்தவர் தாமே தம் நாளை எண்ணிக் கல்லில் வெட்டியிருக்க இயலாது. ஒவ்வொரு நாளும் அருகிருந்து கண்டவர் ஒருவர் இருந்திருக்க வேண்டும். சல்லேகனை ஏற்றவரைச் சூழ்ந்திருந்து துணைபுரிவோரைச் சமண நூல்கள் ‘நிர்யாபகர்’ என்கின்றன. சிவாரியர் இயற்றிய ‘பகவதி ஆராதனை’ அத்தகைய துணைவர் நாற்பத்தெண்மரைக் குறிப்பிட்டு, அவர்களுக்குப் பணிகளையும் பகுத்துக் கொடுக்கிறது. அறவுரை சொல்வோர், உடலைத் தாங்கிப் புரட்டுவோர், வாயிலைக் காப்போர், இரவில் விழித்திருப்போர் என அப்பணிகள் பலவாம். நோற்பவரின் மனம் தளராமலும் அவர்தம் நோன்பு குலையாமலும் பார்த்துக்கொள்வதே அவர்கள் கடமை. அவர்கள் தங்கள் பெயரைக் கல்லில் விட்டுச் செல்லவில்லை. எண்ணை மட்டும் விட்டுச் சென்றார்கள். நோற்றவர் ஒருவர், நோக்கியவர் ஒருவர். இருவரும் சேர்ந்தே அந்தச் சிறு கல்வெட்டை உண்டாக்கினர்.

சமண நெறியின் மும்மணிகளுள் முதன்மணியை முன்னோர் ‘நற்காட்சி’ என்று தமிழாக்கினர். ‘நம்பிக்கை’ என்று மட்டும் அவர்கள் பெயர்த்திருக்கலாம். ‘காட்சி’ என்றே பெயர்த்தனர். சமந்தபத்திரரின் ‘ரத்னகரண்ட சிராவகாசாரம்’ தமிழில் ‘அருங்கலச்செப்பு’ ஆனபோதும் நற்காட்சியே முன்னே நின்றது. ஆனால் முன்னே நிற்பது தனியே நிற்பதன்று. நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் மூன்றும் கூடியே வீட்டுநெறி ஆகும் என்பது உமாசுவாதி முதலான ஆசிரியர் அனைவரின் துணிபு. காட்சி ஒழுக்கத்தில் முடியாவிடில் அது வழியாகாது. வழியைப் பார்த்துக்கொண்டு நிற்பதாகவே முடியும்.

அவ்வொழுக்கமும் பார்வையால் ஆனதே. முனிவர் மேற்கொள்ளும் ஐந்து சமிதிகளுள் முதலாவது ஈர்யா சமிதி. தமக்கு முன்னே நான்கு முழ அளவு நிலத்தை நோக்கி, சிற்றுயிர் எதுவும் காலடியில் சிக்காதபடி நடத்தல் அது. அவர் கையிலுள்ள மயிற்பீலி, அமருமிடத்தைக் கண்டு மெல்ல வருடி உயிர்களை விலக்குவதற்கே. அவர் நிலத்தை நோக்குவது நிலத்தின் அழகைச் சுவைக்க அன்று. அதன்மேல் ஊரும் எறும்பைக் காக்க. இல்லறத்தார் தண்ணீரைத் துணியால் வடிகட்டுவதும், வடிகட்டியில் தங்கிய உயிர்களை அந்நீர்நிலையிலேயே திரும்பச் சேர்ப்பதும், கதிரவன் மறையுமுன் உண்டு முடிப்பதும் அதே பயிற்சியின் வீட்டு வடிவங்கள். பகலொளியில் உண்டால் இலையில் விழும் பூச்சி தெரியும். கண்டால் காக்கலாம்; காணாமல் காக்க இயலாது. பாட்டிமார் ‘பொழுது சாய்வதற்குள் உண்டுவிடு’ என்று பேரப்பிள்ளையை அழைப்பதில் உள்ள அறம் இதுவே.

‘ஆலோசனை’ என்பது இன்று அறிவுரை என்னும் பொருளில் வழங்குகிறது. சமண வழக்கிலோ அது குருவின் முன்னிலையில் தன் குற்றத்தைத் தானே எடுத்துரைத்தலைக் குறிக்கும். கண்ணை உணர்த்தும் ‘லோசனம்’ பிறந்த வேரே அதற்கும் வேர். தன்னைத் தானே நன்றாகப் பார்த்தல் என்பது அதன் பொருள். பிறரைக் காண்பதற்குமுன் தன்னைக் காண்பதையும் நெறியாக வைத்தனர் முன்னோர்.

காத்தலுக்காகக் காணுதல் துறவறத்துக்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டா. அறிவியலும் அதன்மேல்தான் எழுந்தது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் வானாய்வுக்கூடம் அமைந்தது. அங்கே உதவியாளராகப் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாசாரி, 1867-இல் ‘ஆர் ரெட்டிகுலி’ என்னும் ஒளிமாறும் விண்மீனைக் கண்டறிந்தார். 1872-இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். அப்பெருமை பெற்ற முதல் இந்தியர் அவரே. பஞ்சாங்கக் கணக்கை வானத்தில் கண்டதோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டுமென்று அவர் வாதிட்டு, திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். அங்கே ‘திருக்’ என்பது தமிழின் ‘திரு’ அன்று. பார்வையைக் குறிக்கும் வடசொல். கண்டு சரிபார்த்த கணிதம் என்பதே அப்பெயரின் பொருள். கொடைக்கானல் ஆய்வுக்கூடத்திலோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கதிரவனின் படங்கள் எடுத்துச் சேர்க்கப்பட்டு வந்துள்ளன. கண்டவர் பலர் மறைந்துவிட்டனர். கண்டதைக் காத்த ஏடுகளும் படங்களும் எஞ்சியுள்ளதால், அவர்கள் காலத்துக் கதிரவனை இன்றைய மாணவர் ஆராய முடிகிறது.

விக்கிரவாண்டியைச் சுற்றியே இன்னும் அண்மைச் சான்றுகள் உள்ளன. வீடூர் என்றதும் ஆதிநாதர் ஆலயம் சமணர் நினைவில் எழும். பிறர் நினைவில் அணை எழும். மழைக்காலத்தில் அந்த 32 அடி அணையின் நீர்மட்டத்தை அளந்து பார்த்திருப்பவர் சொல்லும் ஒரு சொல்லை நம்பித்தான் சங்கராபரணி ஆற்றங்கரை ஊர்கள் உறங்குகின்றன. 2024 டிசம்பர் 2-ஆம் நாள், ஃபெஞ்சல் புயலின் பெருமழையில், விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைக் கடந்தது காணப்பட்டது. அவ்வழி ரயில்கள் நிறுத்தப்பட்டன. பல்லாயிரம் பயணிகள் இடையூறுற்றனர். ஆனால் எந்த வண்டியும் அப்பாலத்தில் வெள்ளத்தின்மேல் ஏறவில்லை. கண்டதும் நிறுத்தியதும் ஒன்றாய் நிகழ்ந்ததன் பயன் அது.

தேர்தல் பார்வையாளரையும் சட்டம் இவ்வாறே அமைத்துள்ளது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1996-இல் சேர்க்கப்பட்ட 20பி பிரிவு, அவருக்குப் பார்க்கும் பணியை மட்டும் தரவில்லை. வாக்குச்சாவடிகள் பெருமளவில் கைப்பற்றப்பட்டன என்றோ, வாக்குகள் அழிக்கப்பட்டன, திருத்தப்பட்டன என்றோ அவர் கருதினால், வாக்கு எண்ணிக்கையை நிறுத்துமாறும் முடிவை அறிவிக்காதிருக்குமாறும் தேர்தல் அலுவலருக்கு ஆணையிட்டு, உடனே ஆணையத்துக்குத் தெரிவிக்கும் அதிகாரத்தையும் தந்துள்ளது. காக்கும் ஆற்றல் இல்லாத பார்வை அப்பெயருக்குப் பொருந்தாது என்பதைச் சட்டம் இயற்றியவர் உணர்ந்திருந்தனர்.

இவ்வளவையும் இவ்விழா மேடையில் பேசுவதற்குக் காரணம் உண்டு. ‘காட்சி’ என்னும் சொல் இன்று எங்கே நிற்கிறது? காலைக் காட்சி, மாலைக் காட்சி என்று திரையரங்கின் வாயிலில் நிற்கிறது. மும்மணியின் முதன்மணி நுழைவுச்சீட்டின் பெயராகிவிட்டது. சொல் மட்டும் மாறியிருந்தால் வருந்த வேண்டியதில்லை, காண்போரும் மாறிவருகின்றனர்.

விக்கிரவாண்டி வழியே செல்லும் நெடுஞ்சாலையில் விபத்து நேரும்போது, அடிபட்டவரைச் சுற்றிக் கூடுவோர் கைகளில் முதலில் எழுவது பெரும்பாலும் அலைபேசி. படம் பிடிப்பவர் ஸ்பெக்டேட்டர். ஆம்புலன்சை அழைத்துக் குருதியை அடக்கத் துணி கட்டுபவர் அப்சர்வர். உதவினால் வழக்கில் சிக்க நேருமோ என்னும் அச்சமும் இனி வேண்டா. 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், நல்லெண்ணத்துடன் உதவுபவர்மீது வழக்கு வராமல் காக்கிறது; அச்சட்டத்தின்படி வகுக்கப்பட்ட விதிகள், அவர் தம் பெயரைச் சொல்லும்படி வற்புறுத்தலாகாது என்கின்றன. அகிம்சையைப் பிறப்புரிமையாகக் கொண்ட குடும்பத்துப் பிள்ளை அக்கூட்டத்தில் எந்தப் பெயருக்குரியவராக நிற்பார் என்பது சிறிய கேள்வி அன்று.

பிறர் குற்றத்தைக் காணும்போதும் அதே தேர்வு வருகிறது. நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் உபகூகனம் ஒன்று. நெறியில் நிற்பவர் அறியாமையாலோ இயலாமையாலோ செய்த பிழையைத் தெருவில் பரப்பாது மறைத்துத் திருத்துதல் அது. ஸ்திதிகரணம் மற்றொன்று, வழுவியவரைத் தாங்கி மீண்டும் நிலைநிறுத்துதல். கண்ட குற்றத்தை நொடிப்பொழுதில் பலருக்கு அனுப்பும் வசதி வந்த காலத்தில் இவ்விரு அங்கங்களும் முன்னினும் கடினமாயின, முன்னினும் தேவையாயின.

இன்னொரு மாற்றம் நயினார் குடும்பங்களின் ஊர்களிலேயே நிகழ்கிறது. திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம் வட்டாரச் சமண ஊர்களிலிருந்து பிள்ளைகள் படிப்புக்கும் பணிக்கும் நகரங்களுக்குச் செல்கின்றனர். செல்வது குற்றமன்று; அது குடும்பத்தின் வளர்ச்சி. ஆனால் ஆலயத்தில் நாள்தோறும் விளக்கேற்றும் பொறுப்பு ஊரில் எஞ்சிய ஓரிரு முதியோர் தோளில் தங்கிவிடுகிறது. விழா நாளில் மட்டும் வண்டிகள் நிறைகின்றன, அபிஷேகம் படமாகிறது, மாலையில் ஊர் மீண்டும் அமைதியாகிறது. அந்நாளில் வந்து செல்வோர் ‘விசிட்டர்’ ஆகவும் ‘ஸ்பெக்டேட்டர்’ ஆகவும் இருக்கின்றனர். அவர்களுள் எத்தனை பேர் அப்பெயரின் பழம்பொருளில் ‘அப்சர்வர்’ ஆவர்?

அதற்கு ஊருக்குத் திரும்பிக் குடியேற வேண்டுமென்பதில்லை. நகரத்து அடுக்குமாடியிலும் பொழுது சாய்வதற்குள் உண்ணலாம். ஆண்டுக்கு ஒரு நோன்பையேனும் பிள்ளைகள் பெற்றோருடன் சேர்ந்து நோற்கலாம். நோற்கும் முதியவர் அருகே இளையவர் ஒருவர் அமர்ந்து, அவர் சொல்லும் ஊர்க்கதையை, ஆலயத்தின் வரலாற்றை, வழிபாட்டு முறையைக் கேட்டு நாளிட்டு எழுதலாம். மேல்சித்தாமூர் மடத்திலும் ஊர் ஆலயங்களிலும் ஏடுகளும் கல்வெட்டுகளும் உள்ளன. விடுமுறையில் வருவோர் அவற்றைக் கண்டு, சுண்ணாம்புப் பூச்சில் மறையாமலும் கல்லுடைப்பில் அழியாமலும் பார்த்துக்கொள்ள உரியவரிடம் சொல்லலாம். ஒவ்வோர் ஆலயத்துக்கும் ஆண்டு முழுவதும் யார் எந்த மாதத்துக்குப் பொறுப்பு என்று குடும்பங்கள் தமக்குள் முறை வைத்துக்கொள்ளலாம்.

திருநாதர்குன்றின் பாறையில் ஒருவர் நோற்றார், ஒருவர் எண்ணினார். நோற்றவரின் பெயர் சந்திரநந்தி என்று தமிழுலகம் அறியும். எண்ணியவரின் பெயரை ஒருவரும் அறியார். ஆனால் அவர் ஒரு நாள் சலித்துக் கண்ணை மூடியிருந்தால் அந்த எண் ஐம்பத்தேழு என்று இன்று நிலைத்திராது. நோற்கும் வலிமை எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. நோற்பவர் அருகே விழித்திருக்கும் கடமையோ எல்லோர்க்கும் எளிது. அது இவ்விழா முடிந்த மறுநாள் காலையிலேயே தொடங்கத்தக்கது.

அறம் வளர்க! அருகன் அருள் நிலவுக!